எலும்பு திரும்ப வளரும் காலம்

நெளுக்குளம்,
வவுனியா.
24.01.1982

அன்புள்ள தம்பி ராஜரத்தினத்துக்கு, அக்கா அமராவதி எழுதுவது.

நானும் உன் மச்சானும் சுகமாக இருக்கிறோம். கண்டிக் குளிரில் நீயும் பேச்சியம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? பொங்கலுக்கு வரவில்லை என்று எங்களுக்குக் கோபம் இல்லை. புடவைக்கடையில் அந்த நேரம் உன்னை விடமாட்டார்கள் என்று தெரியும்.

லட்சுமியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். தீபாவளி முடிந்ததிலிருந்து பிள்ளை இடது காலைச் சாய்த்து நடக்கிறாள். கேட்டால் முழங்கால் நோகுது என்பாள். எங்கேயாவது விழுந்திருப்பாள் என்று எண்ணெய் போட்டுத் தேய்த்தோம். நடுவில் கொஞ்ச நாள் நன்றாக ஓடினாள். பிறகு திரும்பவும் அதே நொண்டல். பள்ளிக்கூடம் போகாமல் இருக்க நடிக்கிறாள் என்று உன் மச்சான் ஒருநாள் அதட்டிவிட்டார். அன்றைக்கு அவள் அழாமல் நடந்து காட்டினாள். அந்த நடையைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குப் பயம் வந்தது.

வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பரமேஸ்வரன் என்று ஒரு டாக்டர், யாழ்ப்பாணப் பக்கம். முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதை விட்டுவிட்டார். பிள்ளையைப் படுக்கவைத்துக் காலை மடக்கி மெல்ல உள்பக்கம் திருப்பினார். லட்சுமி கத்திவிட்டாள். "நோவு முழங்காலிலை அம்மா, நோய் இடுப்பிலை. இது இப்பிடித்தான் ஆக்களை ஏமாத்தும்" என்றார்.

எக்ஸ்றே எடுத்துக் காட்டினார். இடுப்புக் குழிக்குள் தொடை எலும்பின் தலை ஒரு பந்து மாதிரி இருக்கிறது. வலது பக்கம் அழகான உருண்டை. இடது பக்கம் சின்னதாக, அடர்ந்த வெள்ளையாக இருந்தது. பந்துக்கு இரத்தம் போவது நின்றுவிட்டதாம். அதனால் அந்த எலும்பு செத்துப்போய், நொறுங்கி, பிறகு தானாகவே புது எலும்பு வளருமாம். அதற்கு இரண்டு மூன்று வருடம் செல்லுமாம்.

"நாங்க செஞ்ச பிழையா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இல்லை அம்மா. ஏன் வருகுதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. பந்து திரும்ப வளரும், அது நிச்சயம். உருண்டையா வளருதோ தட்டையா வளருதோ எண்டதுதான் கேள்வி. உருண்டையா வந்தா மற்றப் பிள்ளையள் மாதிரி ஓடித் திரிவா."

"எப்படி வரும்னு சொல்லுவீங்களா?"

"கண்டியிலை எலும்பு டாக்டர் ஒருத்தர் இருக்கிறார். இதுகளை நிறையப் பாத்தவர். அவரிட்டைப் படத்தைக் காட்டுங்கோ."

படத்தை லொறிக்காரர் பக்கீர் நானாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். அரிசி ஏற்றிக்கொண்டு கண்டிக்கு வருகிறார். மடங்காமல் இருக்க இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டியிருக்கிறேன். நீதான் தாய்மாமன். நீயே காட்டி, அவர் சொல்வதைக் கேட்டு எழுது.

உங்கள் இருவரையும் ஆண்டவன் காப்பான்.

உன் அக்கா,
அமராவதி


கண்டி.
18.02.1982

பாசமுள்ள அக்காவுக்கு,

கடிதமும் படமும் பத்திரமாக வந்தன. நாங்கள் நலம். பேச்சியம்மா லட்சுமிக்காகக் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் அர்ச்சனை செய்தாள்.

நேற்று பெரிய டாக்டரைப் பார்த்தேன். சிங்களவர், வயதானவர். படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி நெடுநேரம் பார்த்தார். வயதைக் கேட்டார். ஆறு என்றேன். "நல்லது, நல்ல வயது" என்றார். சின்ன வயதில் வந்தால் எலும்பு தன்னைத் திருத்திக்கொள்ள நிறையக் காலம் இருக்குமாம். ஆகவே ஒன்றும் யோசிக்காதே. எல்லாம் சுகமாகிவிடும்.

மாவுக்கட்டுப் போட வேண்டுமாம். பங்குனி நடுவில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. தங்குவதற்கு எங்கள் அறை இருக்கிறது. கடைக்கு மேலேதான், சத்தம் கொஞ்சம் அதிகம். லட்சுமிக்கு அது பிடிக்கும்.

மச்சானை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி,
ராஜரத்தினம்


நெளுக்குளம்.
11.04.1982

அன்புத் தம்பிக்கு,

ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். நீங்கள் இருவரும் எங்களைப் பார்த்துக்கொண்டதற்கு என்ன சொல்வது! பேச்சியம்மாவின் கைக்கு வளையல் போட வேண்டும்.

மாவுக்கட்டோடு பிள்ளையை பஸ்ஸில் ஏற்ற முடியாது என்று உனக்கே தெரியும். இரண்டு கால்களும் அகல விரிந்து, நடுவில் ஒரு தடி வைத்துக் கட்டின கட்டு. பக்கீர் நானாதான் லொறியில் வைக்கோல் பரப்பி ஏற்றிவந்தார். அநுராதபுரம் தாண்டும்வரை லட்சுமி பாட்டுப் பாடிக்கொண்டே வந்தாள்.

வீட்டு வாசலில் வந்துதான் சிக்கிக்கொண்டோம். பிள்ளை உள்ளே போகவில்லை! நேராகத் தூக்கினாலும் போகவில்லை, பக்கவாட்டில் திருப்பினாலும் போகவில்லை. உன் மச்சான் இரும்பு அலவாங்கை எடுத்துவந்து மண்சுவரைப் பெயர்க்கத் தொடங்கினார். முற்றத்தில் பாயில் கிடந்தபடி அவள் கேட்கிறாள், "அப்பா, மாட்டுக்கா வாசல் வெட்டுறீங்க?" அவர் சிரித்துவிட்டார். இந்தத் தை மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இப்போது கைகளை ஊன்றி நண்டு மாதிரி வீடெல்லாம் நகர்கிறாள். பள்ளிக்கூடத்து ராக்காயி டீச்சர் வந்து, வாங்குப் பலகையில் வேண்டாம், தரையில் சாக்கு விரித்து இருத்தலாம், அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். காலையில் உன் மச்சான் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்.

தம்பி, ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு டாக்டர் உன்னோடு சிங்களத்தில் நெடுநேரம் கதைத்தார். கையை மூடி விரித்துக் காட்டினார். லட்சுமியைக் காட்டி இரண்டு தரம் ஏதோ சொன்னார். நீ என் பக்கம் திரும்பி, "சுகமாயிடும்க்கா" என்றாய். அவ்வளவு பேச்சுக்கு ஒரு சொல்லா? மிச்சத்தையும் எழுது.

அக்கா அமராவதி


கண்டி.
09.05.1982

அக்காவுக்கு வணக்கம்.

உன் கடிதம் வாசித்துப் பேச்சியம்மா வயிறு வலிக்கச் சிரித்தாள், வாசல் வெட்டின கதையைக் கேட்டு. இங்கே வெசாக் பண்டிகைக்கு வெளிச்சக் கூடுகள் ஊரெல்லாம் தொங்குகின்றன. கடையில் சனம் நிறைந்து வழிகிறது. விகாரைக்குக் கட்டிப் போகும் வெள்ளைச் சேலை முழுவதும் விற்றுவிட்டது. முதலாளிக்குச் சந்தோசம். மாமனார் தோட்டத்திலிருந்து கீரையும் தேயிலையும் கொண்டுவந்தார். லட்சுமிக்கு வர்ணப் பென்சில் ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன், பக்கீர் நானா வரும்போது தருவேன்.

டாக்டர் வேறொன்றும் சொல்லவில்லை. மருத்துவர்கள் அப்படித்தான் நீட்டிப் பேசுவார்கள். நீ மனதைக் குழப்பிக்கொள்ளாதே. நன்றாகச் சாப்பிடு.

தம்பி ராஜரத்தினம்


நெளுக்குளம்.
19.09.1982

என் தம்பி அறிவது,

இங்கே மழை இல்லை. குளம் வற்றிக் கிடக்கிறது. மற்றபடி நாங்கள் குறையில்லாமல் இருக்கிறோம். மாவுக்கட்டை ஒருதரம் மாற்றிப் போட்டார்கள். உன் பென்சிலில் லட்சுமி கட்டு முழுவதும் படம் கீறி, ஒரு மீனும் வரைந்துவைத்திருந்தாள். வெட்டும்போது, "மீனை வெட்டாதேங்கோ" என்று டாக்டர் பரமேஸ்வரனோடு சண்டை. இந்த ஊர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து அவளுக்கு இந்த ஊர்ப் பேச்சே வந்துவிட்டது. மீனைச் சுற்றி வெட்டி அந்தத் துண்டை அவளுக்கே கொடுத்துவிட்டார்.

புதுப் படம் எடுத்தார்கள். இத்துடன் பக்கீர் நானாவிடம் அனுப்பியிருக்கிறேன். அனுப்புவதற்கு முன் நான் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். எனக்கு எக்ஸ்றே வாசிக்கத் தெரியாது. ஆனால் முன்பு ஒரு பந்து இருந்த இடத்தில் இப்போது உடைத்த கற்கண்டு மாதிரித் துண்டு துண்டாகக் கிடக்கிறது. அது எனக்குத் தெரிந்தது. டாக்டர் பரமேஸ்வரனைக் கேட்டேன். "இது நொறுங்கிற காலம் அம்மா, இப்பிடித்தான் இருக்கும். கண்டி டாக்டர் என்ன சொல்லுறார் எண்டு பாப்பம்" என்கிறார்.

ஆகவே அவர் சொல்வதை எனக்கு எழுது. முழுவதும் எழுது.

பேச்சியம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

அக்கா


நெளுக்குளம்.
16.01.1983

தம்பி ராஜரத்தினம்,

தீபாவளி போய்விட்டது, பொங்கலும் போய்விட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீங்கள் நல்ல உடம்போடு இருக்கிறீர்கள் என்று பக்கீர் நானா வாயால்தான் கேட்டுக்கொள்கிறேன்.

அவரிடம் வேறொன்றும் கேட்டேன். முதலில் சொல்லத் தயங்கினார். பிறகு சொன்னார். "நான்தான் தம்பியை லொறியில ஆஸ்பத்திரிக்கு ஏத்திப் போனேன் தங்கச்சி. படத்தோட உள்ள போனவர் வெளிய வந்து வாங்கில இருந்திட்டார். நான் கூப்பிட்டேன், கேக்கல்ல. கிட்டப் போய்த் தோளில கைவச்சாத்தான் திரும்பிப் பார்க்கிறார்."

நீ என்ன கேட்டுவிட்டு அந்த வாங்கில் அப்படி இருந்தாய்?

எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு, இந்தப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, காடாகக் கிடந்த இந்த இடத்துக்கு வந்தவர்கள் நாங்கள். எங்கே போகிறோம் என்று சொல்லித்தான் கூட்டிவந்தார்களா? ஒன்றும் தெரியாமல் நடப்பதுதான் அன்றைக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. கெட்ட செய்தி என்றாலும் தாங்குவேன். நீ எழுதாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் நானே நினைத்துக்கொள்கிறேன். நான் நினைப்பதை விட டாக்டர் சொன்னது மோசமாக இருக்காது.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அமராவதி


கண்டி.
06.02.1983

அக்கா,

நாங்கள் சுகம்தான். என்னைத் திட்டு, நீ திட்ட வேண்டியதுதான். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அன்றைக்கு அந்தக் கிளினிக்கில் என்னால் சொல்ல முடியவில்லை. ஒருதரம் நல்லதாகச் சொல்லிவிட்டேன், அதற்குப் பிறகு மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது அவர் சொன்னது முழுவதையும் எழுதுகிறேன்.

வயது நமக்குச் சாதகம். அது உண்மை. ஆனால் சில பிள்ளைகளுக்குப் பந்தில் ஒரு பக்கம்தான் சாகும், லட்சுமிக்கு முழுப் பந்தும் போய்விட்டது. அது சாதகமில்லை. பெண்பிள்ளை என்பதும் சாதகமில்லை. இந்த நோய் ஆண்பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வருமாம். பெண்பிள்ளைகளுக்கு வளர்ச்சி வேளைக்கே முடிந்துவிடுவதால் எலும்பு தன்னைச் சரிப்படுத்திக்கொள்ளக் காலம் குறைவாம். "இவளைப் போன்ற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நல்ல உருண்டையாக வரும், பாதிப் பேருக்கு வராது. எந்தப் பாதி என்று இன்றைக்கு எவனாவது சொன்னால் அவன் பொய் சொல்கிறான்" என்றார். அதற்குத்தான் கையை மூடி விரித்துக் காட்டினார்.

நீ செப்டெம்பரில் அனுப்பிய படத்தைப் பார்த்துச் சொன்னது இது. நொறுங்குவதைக் கண்டு பயப்படக் கூடாது, அது நடக்கத்தான் வேண்டும். பந்தின் வெளி ஓரம் உயரம் குறையாமல் நிற்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். வெளிச்சுவர் நின்றால் கூரை விழாது, அதுபோல. அந்த ஓரம் இப்போது கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் நிற்கிறது. அது இன்னும் சரிந்தாலோ, பந்து குழியை விட்டு வெளிப்பக்கம் நழுவினாலோ கொழும்பில் ஒப்பரேஷன் செய்ய வேண்டிவரும். இந்த வருடம் முடியும்போது தெரியும் என்றார்.

நான் வாங்கில் இருந்தது அந்த ஒப்பரேஷன் என்ற சொல்லுக்காகத்தான்.

இன்னொரு செய்தி. பேச்சியம்மா முழுகாமல் இருக்கிறாள். இப்போதுதான் தெரியவந்தது. புரட்டாசியில் பிள்ளை பிறக்குமாம். இதை முதலில் எழுத மனம் வரவில்லை.

உன் கோபம் ஆறட்டும்.

தம்பி ராஜரத்தினம்


நெளுக்குளம்.
20.03.1983

என் அருமைத் தம்பிக்கும் பேச்சியம்மாவுக்கும்,

முதலில் பேச்சியம்மாவின் வயிற்றுப் பிள்ளைக்கு இந்த அத்தையின் முத்தம். அவளை மாடிப்படி ஏறி இறங்கவிடாதே. புளி கேட்டால் கொடு.

உன் கடிதத்தை உன் மச்சானுக்கு வாசித்தேன். கேட்டுவிட்டு அதை வாங்கி மடித்து என் கையில் தந்தார். பிறகு, "பாதின்னா நல்லதுதானே புள்ள, நம்ம சனத்துக்கு எதுல பாதி கெடைச்சிருக்கு?" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையாகச் சொல்கிறேன், உன் கடிதம் வந்த பிறகு நன்றாகத் தூங்குகிறேன். எதைப் பார்க்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

மாவுக்கட்டை எடுத்துவிட்டு, தொடையில் தோல் பட்டையும் நடுவில் இரும்புக் கம்பியும் உள்ள ஒரு கருவி போட்டிருக்கிறார்கள். ஊன்றுகோல் இரண்டு பிடித்துக்கொண்டு அதோடு கொஞ்சம் நடக்கலாம். கட்டுக்குள்ளிருந்து வெளியே வந்த கால்களைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். முருங்கைக்காய் மாதிரி இருந்தன. லட்சுமிதான், "அழாதேங்க, கால் வெள்ளையாயிட்டுது பாருங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

டாக்டர் பரமேஸ்வரன் ஒரு வேலை தந்திருக்கிறார். காலையில் கருவியைக் கழற்றி, பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, தவளை மாதிரிக் கால்களை மடக்கி அகலத் திறக்க வேண்டும். "எவ்வளவு லேசாத் திறக்குதோ அவ்வளவு நல்லம். இறுகிக்கொண்டு வந்தா உடனை கூட்டிக்கொண்டு வாங்கோ. படம் பிறகு சொல்லுறதைக் கால் முந்திச் சொல்லிப்போடும்" என்றார்.

போன வாரம் அப்படித் திறக்கும்போது பிள்ளை என்னைக் கேட்டாள்: "அம்மா, எனக்குச் சுகமாகுமா?"

ஆகும் என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, தம்பி. அந்த இடத்தில் நீ பட்ட பாடு எனக்கு விளங்கியது. ஆனால் நான் சொல்லவில்லை. "தெரியாது தாயி. டாக்டருக்கும் தெரியாது. நாம செய்ய வேண்டியதச் செய்வோம்" என்றேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். பிறகு, "சரி, இன்னும் கொஞ்சம் திறவுங்க" என்றாள்.

ஆவணியில் கண்டிக்கு வருகிறோம், பெரிய டாக்டருக்குக் காட்ட. அப்போது பேச்சியம்மாவின் வயிற்றையும் பார்க்கலாம்.

ஆசை முத்தங்களுடன்,
அமராவதி


ஹட்டன்.
30.10.1983

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ஆடிக் கலவரத்துக்குப் பிறகு எழுதிய மூன்று கடிதங்களும் கண்டித் தபால் கந்தோரில் கிடந்து, போன வாரம் ஒன்றாகக் கைக்கு வந்தன. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். பேச்சியம்மாவின் அப்பா வேலை செய்யும் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் அவருடைய அறையில் இருக்கிறோம்.

கடை இல்லை. கடைக்கு மேல் இருந்த எங்கள் அறையும் இல்லை. பகலில்தான் வந்தார்கள். பக்கத்துப் பேக்கரிக்காரர், சிங்களவர், எங்களைத் தான் ரொட்டி சுடும் குசினிக்குள் வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியில் நின்றார். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாகச் சில வாரம் இருந்தோம்.

லட்சுமியின் படங்கள் எல்லாம் என்னிடம்தானே இருந்தன. எல்லாம் எரிந்துவிட்டன. பெரிய டாக்டரையும் விசாரித்தேன். மகனிடம் வெளிநாட்டுக்குப் போய்விட்டாராம். இனி யாரிடம் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. உன் ஆவணிப் பயணமும் இல்லாமல் போனது. வேறு என்ன எழுத.

ராஜரத்தினம்


நெளுக்குளம்.
15.01.1984

உயிருக்கு உயிரான தம்பிக்கு,

உன் கையெழுத்தைக் கண்டதும் உன் மச்சான் முற்றத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நீங்கள் இருக்கிறீர்கள், அது போதும்.

லட்சுமியின் செய்தியை முதலில் சொல்கிறேன். ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

கார்த்திகையில் கால் கொஞ்சம் இறுகிற மாதிரி இருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பழைய படங்கள் எரிந்துவிட்டன, பெரிய டாக்டரும் இல்லை என்று சொன்னேன். டாக்டர் பரமேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டார். உன்னைப் பற்றித்தான் முதலில் கேட்டார். பிறகு பிள்ளையைச் சில நாள் அங்கேயே வைத்து, காலுக்குப் பாரம் கட்டி இழுத்துவைத்தார்கள். இறுக்கம் விட்டது. அதன் பிறகு புதுப் படம் எடுத்தார்.

படத்தை மாட்டிவிட்டு என்னைக் கிட்டக் கூப்பிட்டார். "ஒப்பிட்டுப் பாக்கப் பழைய படம் இருந்தா நல்லம்தான். ஆனா இந்தப் படமே கதைக்குது. இஞ்சை பாருங்கோ, ஓரத்திலை." கற்கண்டுத் துண்டுகள் கிடந்த இடத்தில், வெளிப்பக்கம் ஒரு வெள்ளைப் பிறை மாதிரி இருந்தது. "இது புது எலும்பு. வெளி ஓரம் நிண்டுபிடிச்சிட்டுது. பந்தும் குழிக்குள்ளைதான் இருக்கு. ஒப்பரேஷன் தேவையில்லை அம்மா."

அந்தப் பிறையை விரலால் தொட்டுப் பார்த்தேன். அவரே கதிரையை இழுத்துப் போட்டார்.

இப்போது மற்றப் பக்கத்தையும் கேள். பந்து முழு உருண்டை இல்லை. கொஞ்சம் தட்டை, கொஞ்சம் பெரிசு. இடது கால் மற்றக் காலை விட ஒரு விரல் தடிப்பு அளவு குட்டை. களைத்துப்போனால் ஒரு சாய்வு தெரியும். என் வயது வரும்போது இடுப்பில் நோவு வரலாம், வராமலும் விடலாம். "வளருற பிள்ளை. குழிக்கு ஏத்த மாதிரி எலும்பு இன்னும் தன்னைத் திருத்தும். எவ்வளவு திருத்தும் எண்டு நான் சொல்லமாட்டன்" என்றார். இவ்வளவுதான் தம்பி. நீ அன்றைக்குச் சொன்ன இரண்டு பாதியில் எது என்று கேட்டால், நல்ல பாதியின் கரையில் நிற்கிறோம்.

இப்போது நான் கேட்கிறேன். உன் கடிதத்தில் பேச்சியம்மாவின் பெயர் ஒரேயொரு இடத்தில், அவளுடைய அப்பாவைச் சொல்லும்போதுதான் வருகிறது. நீ எழுதும்போது புரட்டாசி முடிந்து ஐப்பசியும் பாதி போய்விட்டது. பிள்ளையைப் பற்றி ஒரு சொல் இல்லை. நீ எழுதாவிட்டால் நான் என்ன நினைப்பேன் என்று உனக்குத் தெரியும்தானே?

எங்கள் காணிக்குப் பக்கத்துத் துண்டு சும்மா கிடக்கிறது. உன் மச்சான் கத்தியை எடுத்துக்கொண்டு போய்ப் பற்றையை வெட்டுகிறார். ஏன் என்று கேட்டால், பாம்பு வரும் என்கிறார். உங்களுக்காகத்தான் வெட்டுகிறார்.

எழுது தம்பி.

அக்கா அமராவதி


ஹட்டன்.
11.03.1984

அக்கா,

கேட்டதற்குச் சொல்கிறேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது பேச்சியம்மாவுக்கு வலி வந்துவிட்டது. மாதம் ஆகவில்லை. வெளியே ஊரடங்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது நேரம் போய்விட்டது. பெண்பிள்ளை. நான் ஒருதரம் கையில் வாங்கினேன்.

எழுதினால் அது நடந்ததாகிவிடும் என்று எனக்கு ஒரு எண்ணம். அதனால் யாருக்கும் எழுதவில்லை. பேச்சியம்மா அதற்குப் பிறகு பேசுவதைக் குறைத்துவிட்டாள். கொழுந்து பறிக்கப் போகிறாள், வருகிறாள், சமைக்கிறாள். ஒன்று கேட்டால் ஒரு சொல் பதில்.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன், கேட்கிறாளா என்று தெரியாமலே. கற்கண்டு, வெள்ளைப் பிறை, எல்லாம் வாசித்தேன். முடித்து மடிக்கும்போது, "அந்த எடத்த இன்னொருக்கா வாசிங்க" என்றாள். வாசித்தேன். "செத்த எலும்பு மேலயே புதுசு வளருதாமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்றைக்குத்தான் அழுதாள். இத்தனை மாதத்துக்குப் பிறகு. நானும்.

போன ஞாயிறு அவளாகவே கேட்டாள்: "அந்தப் புள்ள எப்ப நடக்கும்? நாம போய்ப் பாப்போமா?"

அக்கா, இங்கே எங்களுக்கு இனி ஒன்றும் இல்லை. அங்கே வந்து என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை. முழம் போட்டுச் சேலை அளக்கத் தெரிந்தவனுக்கு மண்வெட்டி பிடிக்க வருமா? ஆனாலும் வரலாம் என்று நினைக்கிறோம். மச்சானிடம் சொல், மிச்சப் பற்றையை நான் வந்து வெட்டுகிறேன்.

உன் தம்பி


நெளுக்குளம்.
10.06.1984

அன்புத் தம்பி, என் தங்கம் பேச்சியம்மா, இருவரும் அறிய,

இங்கே எல்லோரும் நலமாக இருந்து உங்கள் வரவைப் பார்த்திருக்கிறோம். இந்த மாதக் கடைசியில் வருகிறீர்கள் என்ற கடிதம் கிடைத்தது. பக்கீர் நானா கண்டிவரை வருவார், சாமான் ஏதும் இருந்தால் லொறியில் போடுங்கள். நீங்கள் பஸ்ஸில் வந்து நெளுக்குளம் சந்தியில் இறங்குங்கள். பேச்சியம்மா, உன் மகளுக்காக நான் ஒரு விளக்கு வைத்தேன். வேறு சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. வா, நேரில் உட்கார்ந்து பேசுவோம், பேசாமலும் இருப்போம்.

சென்ற செவ்வாய் கருவியைக் கழற்றிவிட்டார்கள். முழுவதுமாக. டாக்டர் பரமேஸ்வரன் அவளை மேசையிலிருந்து இறக்கி நிலத்தில் நிறுத்தி, "எங்கை, அம்மாவிட்டைப் போங்கோ பாப்பம்" என்றார். நான் வாசலில் நின்றேன். கையை நீட்டினேன். அவள் இரண்டு எட்டு வைத்து விழுந்தாள். ஓடிப்போகப் பார்த்தேன். "விடுங்கோ" என்றார் டாக்டர். அவளே எழுந்தாள். சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, வாத்து மாதிரி ஆடி ஆடி வந்தாள். என்னிடம் வரவில்லை, தம்பி! என்னைத் தாண்டி வெளியே போய், விறாந்தையில் நின்ற அப்பாவின் வேட்டியைப் பிடித்தாள். அந்த மனிதரின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

இப்போது நாளுக்கு நாள் நடை திருந்துகிறது. சாய்வு இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் நேற்று ஆடு பயிருக்குள் போய்விட்டது என்று அவள்தான் முதலில் ஓடினாள். ஓடு என்று ஒருவரும் சொல்லவில்லை, ஓடாதே என்று சொல்ல எங்களுக்கும் வாய் வரவில்லை. வருடத்துக்கு ஒருதரம் படம் எடுத்தால் போதும், வளர்ந்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்போம் என்றார் டாக்டர்.

கீழே அவள் எழுத இடம் கேட்கிறாள். விடுகிறேன்.

*மாமா அத்தை நான் சிவலட்சுமி. நான் மூன்றாம் வகுப்பு. எனக்குக் கால் சுகம். கொஞ்சம் ஆடும். நீங்கள் வரும் அன்று நான் சந்திக்கு வந்து நிப்பேன். அத்தையின் பையை நான் தூக்குவேன். வண்டி வேண்டாம்.*

பார்த்தாயா? சந்தி கிட்டத்தில் இல்லை என்று உனக்குத் தெரியும். மணல் ரோட்டு, வெயில் வேறு. செவ்வாய்க்கிழமையே அவள் இதைச் சொன்னாள்; அவ்வளவு தூரம் நடந்து போய்த் திரும்பி வருவாளா என்று அன்றைக்கே டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அதை என்னட்டைக் கேக்கிறியளே? அவவிட்டைக் கேளுங்கோ" என்றார்.

இன்றைக்குக் கேட்டேன். பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை. இரண்டு வருடத்துக்கு மேலாகப் போடாத செருப்பை மூலையெல்லாம் தேடி எடுத்துவந்து போட்டுப் பார்க்கிறாள். குதிக்கால் வெளியே நிற்கிறது. அப்பாவைக் கூப்பிட்டு, பெரிய செருப்பு வாங்க இப்போதே கடைக்குப் போக வேண்டுமாம், நடந்து போக வேண்டுமாம்.

போகிறார்கள். நான் வேலிப் படலையடியில் நின்று பார்த்துக்கொண்டே இதை எழுதி முடிக்கிறேன்.

வாருங்கள்.

அமராவதி